எல்லாம் திருப்தி

"திருப்தி ஏறிக்கிட்டே போகுது. பிள்ளைங்க குறைஞ்சுக்கிட்டே போறாங்க. இது எந்த ஊர்க் கணக்கும்மா?"

புள்ளியியல் துறைத் தலைவர் மதிவாணன் இதைக் கேட்டது எந்த ஞானியிடமும் இல்லை. கல்லூரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பரீதாவிடம்.

பதில் கிடைக்கும் என்று நினைத்தும் அவர் கேட்கவில்லை. பயந்துபோன மனிதர் எதிரே யார் நின்றாலும் புலம்பத்தான் செய்வார்.

"எத்தனை பேர் சார் இருந்தாங்க?"

"சேரும்போது நாப்பத்திநாலு. அப்புறம் முப்பத்தேழு, இருபத்தொன்பது. இப்ப இருபத்தொண்ணு."

"திருப்தி?"

"முதல் செமஸ்டர்ல அஞ்சுக்கு மூணு புள்ளி ஒண்ணு. அடுத்தது மூணு புள்ளி ஆறு. அதுக்கடுத்து நாலு புள்ளி ரெண்டு. இந்தத் தடவை நாலு புள்ளி எட்டு!"

கடைசி எண்ணைச் சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

நாளைக் காலை பத்து மணிக்கு நிர்வாகக் கூட்டம். வகுப்பில் இருபது பேருக்குக் கீழே போனால் அந்தப் படிப்பையே மூடிவிடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். இன்னும் இரண்டு பேர் விலகினால் போதும். மிச்சமிருக்கும் பிள்ளைகளை வேறு ஊர்க் கல்லூரிக்கு மாற்றுவார்களாம். பாதிப் பேர் அங்கே போகமாட்டார்கள், அவர்கள் படிப்பு அத்தோடு சரி. மதிவாணனும் மற்ற மூன்று ஆசிரியர்களும் வீட்டைப் பார்த்துப் போக வேண்டியதுதான்.

ஒரு வாரமாக அவருக்குச் சோறு இறங்கவில்லை. வகுப்புக்குள் நுழைந்ததும் வணக்கத்தை வாங்கிக்கொள்வதற்கு முன்பே தலைகளை எண்ணினார்.

அவர் கையில் பைண்ட் செய்த மூன்று கோப்புகளும் ஒரு தாள் கட்டும் இருந்தன. நான்கு செமஸ்டர்களாகப் பிள்ளைகள் கைப்பட நிரப்பிக் கொடுத்த கருத்துப் படிவங்கள்.

"நாலையும் ஒண்ணாச் சேத்து ஒரே புத்தகமாக் கட்டிக் குடும்மா. நல்ல அட்டையாப் போடு. நாளைக்குக் கூட்டத்துல காட்டணும்."

பரீதா கட்டரை எடுத்தாள். பழைய கோப்புகளின் சுருள் கம்பிகளை நறுக்கி உருவினாள். தாள்களைத் தனித்தனியாகப் பிரித்தாள்.

பிரித்தவள் சேர்க்கவில்லை.

பழைய மூன்று கட்டுகளிலிருந்தும் ஒவ்வொரு தாளைத் தேடி எடுத்தாள். மூன்றையும் ஜெராக்ஸ் மிஷின் மூடியின் மேல் வரிசையாக வைத்தாள்.

"இந்தக் கையெழுத்து தெரியுதா சார்?"

"இதுல பேரே எழுதக் கூடாதும்மா. ரகசியம். அப்பத்தான் பயமில்லாம எழுதுவாங்க."

"நான் பேரைக் கேக்கல."

மதிவாணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். இருபத்தாறு வருடங்களாக விடைத்தாள் திருத்துகிறவர். அரை வரி போதும் அவருக்கு.

"வினோதினி. போன டிசம்பரோட நின்னுட்டா. நல்லாப் படிக்கிற பொண்ணு."

"படிங்க சார்."

முதல் தாளில் இரண்டுக்கும் மூன்றுக்குமாக மதிப்பெண் போட்டிருந்தாள். அடியில் 'கருத்து ஏதேனும் இருந்தால்' என்ற கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுதியிருந்தாள்.

'வாரத்தில் மூன்று நாள் லேப் 4.50க்கு முடிகிறது. எங்கள் ஊருக்கு 4.40க்கு பஸ். அதை விட்டால் 7.15தான். இருட்டில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடக்கிறேன். படித்தது போதும் என்கிறார் அப்பா. லேப்பைக் காலையில் வைத்தால் மிகவும் உதவியாக இருக்கும் சார்.'

இரண்டாவது தாளில் ஒரே வரி. 'லேப் நேரத்தை மாற்றவும்.'

மூன்றாவது தாளில் எல்லாக் கட்டங்களிலும் ஐந்து. அடியில் 'எல்லாம் திருப்தி.'

மதிவாணன் மூன்றாவது தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைக்கு வந்த ஒருவர் ஆதார் அட்டையை நீட்டி, இரண்டு காப்பி எடுத்துக்கொண்டு போனார்.

"காலையில லேப் சும்மாதான் கிடந்துச்சும்மா" என்றார். "பூட்டிப் போட்டிருந்தோம்."

"நீங்க இதைப் படிக்கலையா சார்?"

"சராசரி எடுத்தோம்."

சொன்ன பிறகு அவருக்கே அது கேவலமாகப் பட்டது. அந்தச் சராசரியைக்கூட அவர் எடுக்கவில்லை. உதவிப் பேராசிரியர் ஒருவர் கணினியில் ஏற்றி எடுத்துக் கொடுத்தார். இவர் கையெழுத்துப் போட்டார்.

அவமானம் முற்றினால் கோபம் வரும். வந்தது.

"நீ படிச்சிருக்கே இல்ல?"

"பக்கம் மாறிடக் கூடாதுன்னு ஒவ்வொண்ணாப் பாப்பேன் சார். கண்ணுல படும்."

"அப்ப ஏம்மா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"இறுக்கமாக் கட்டுன்னு சொல்வீங்க. இறுக்கமாக் கட்டுவேன். வேற என்ன கேட்டிருக்கீங்க என்கிட்ட?"



பரீதா குரலைத் தணித்துக்கொண்டாள். "நானும் பாதியில விட்டவதான் சார். வேற காலேஜ். போகும்போது காரணம் எழுதச் சொன்னாங்க."

"என்ன எழுதினே?"

"சொந்தக் காரணம்."

இன்னும் கட்டாத நான்காவது கட்டை அவர் பக்கம் தள்ளினாள். இந்தச் செமஸ்டரின் இருபத்தொரு தாள்கள்.

"இதுல எத்தனை பேருக்குத் திருப்தி?"

மதிவாணன் புரட்டினார். ஐந்து, ஐந்து, ஐந்து. எல்லாம் திருப்தி. ஐந்து, ஐந்து. திருப்தி சார். மிக்க திருப்தி. இரண்டு தாள்கள் ஒன்றாகப் புரண்டன. பிரித்து மறுபடி எண்ணினார்.

பதினேழு.

மிச்சம் நான்கு பேர்தான் குறை சொல்லியிருந்தார்கள். ஃபேன் ஓடவில்லை, நோட்ஸ் கிடைக்கவில்லை, இப்படி. அந்த நான்கு பேரையும் கூப்பிட்டுக் கண்டிக்க வேண்டும் என்று அவர் காலையில்தான் நினைத்திருந்தார். சராசரியைக் கெடுத்தவர்கள் ஆயிற்றே!

செல்போன் அடித்தது. முதல்வர்.

"ஃபைல் ரெடியா மதிவாணன்?"

"இல்ல சார்."

"நாளைக்கு மீட்டிங்குய்யா!"

"தெரியும் சார்" என்று சொல்லிவிட்டு அவரே போனை வைத்தார். இருபத்தாறு வருடங்களில் அவர் அப்படிச் செய்தது அன்றைக்குத்தான்.

வினோதினியின் முதல் தாளை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

"சார், பைண்டிங்?"

"இருக்கட்டும்மா."

சாலையில் வந்த மினி பஸ்காரன் அவரைத் திட்டிக்கொண்டே பிரேக் போட்டான். அவர் காதில் எதுவும் விழவில்லை.

இரண்டாம் ஆண்டு வகுப்பில் கடைசிப் பீரியட் நடந்துகொண்டிருந்தது. பாடம் எடுத்த கனகவல்லி மேடம் அவரைப் பார்த்ததும் ஒதுங்கிக்கொண்டார்.

பழக்கதோஷம். எண்ணினார். இருபது.

"யார் வரலை?"

"பிரகதீஸ்க்குக் காய்ச்சல் சார்."

நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. இரண்டு கைகளையும் மேஜையில் ஊன்றிக்கொண்டார்.

"உங்களுக்கு இங்க ஏதாவது குறை இருக்கா?"

"இல்ல சார்" என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில். தேசிய கீதம்கூட இவ்வளவு ஒற்றுமையாக அங்கே பாடப்பட்டதில்லை.

வினோதினியும் போவதற்கு முன் இதையேதான் எழுதியிருந்தாள்.

கையிலிருந்த தாளைப் பிரித்தார். பெயர் சொல்லாமல், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். ஓரத்தில் எழுதியிருந்ததையும் விடவில்லை.

"இதை உங்க கூடப் படிச்ச பொண்ணு ஒண்ணரை வருஷத்துக்கு முன்னால எழுதிக் குடுத்துச்சு. நான் இன்னைக்குத்தான் படிச்சேன். அன்னைக்கே படிச்சிருந்தா லேப்பைக் காலைக்கு மாத்தியிருப்பேன். பத்து நிமிஷ வேலை. அந்தப் பொண்ணு இப்ப இங்க இல்ல. தப்பு என்னோடது."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த மனிதர் 'தப்பு என்னோடது' என்று சொல்லி அவர்கள் கேட்டதே இல்லை.

கேட்டிருக்கவே கூடாதோ என்று அவருக்குத் தோன்றியது. பேசாமல் கோப்பைக் கட்டி வாங்கியிருக்கலாம். நாலு புள்ளி எட்டு என்று நாளைக்குச் சொல்லிவிட்டு, நடப்பது நடக்கட்டும் என்று இருந்திருக்கலாம்.

மூன்றாவது பெஞ்சில் சுபலட்சுமி எழுந்தாள். இரண்டு வருடங்களில் வருகைப் பதிவுக்கு 'உள்ளேன்' சொன்னதைத் தவிர வாய் திறக்காத பெண்.

"நாளைக்கு டி.சி. கேட்டு எழுதிக் குடுக்கலாம்னு இருக்கேன் சார்."

"நானும் சார்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

இருபத்தொன்றில் இரண்டு போனால் பத்தொன்பது.

"என்ன காரணம்மா?"

அவள் கனகவல்லி மேடத்தைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். பிறகு அவரையே பார்த்தாள்.

"நீங்கதான் சார்."



"டவுட் கேட்டா, பிளஸ் டூ படிச்சியா, மாடு மேச்சியான்னு எல்லார் முன்னாடியும் கேக்குறீங்க. எங்க வீட்டுல நெஜமாவே மாடு இருக்கு சார். காலையில சாணி அள்ளிட்டுத்தான் வர்றேன்."

மதிவாணன், எப்போது அப்படிக் கேட்டோம் என்று யோசித்துப் பார்த்தார். எத்தனையோ முறை.

திரும்பினார். சாக்பீஸை எடுத்தார். கரும்பலகையில் கனகவல்லி மேடம் போட்டிருந்த கணக்கைக் கையாலேயே அழித்தார்.

முதல் வரியில் 'நான்' என்று எழுதினார்.

பிறகு வகுப்பைப் பார்த்து நின்றுகொண்டு கேட்டார்.

"அடுத்தது?"