செங்குன்றைப் பிளந்த தம்பி

அந்தக் காலத்தில் செங்குன்றில் ஒரு கீறல்கூடக் கிடையாது. கல்லுக்குக் காது இருந்தது, தண்ணீருக்கு வாய் இருந்தது. உடும்பும் கவுதாரியும் வழியில் மனிதரைக் கண்டால் நின்று நலம் விசாரித்துவிட்டுப் போகும். பாலை நிலத்தின் நடுவே அந்தக் குன்று ஒரே பாறையாக, வடக்கிலும் தெற்கிலும் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் படுத்துக் கிடந்தது. அதற்கு மேற்கே ஓர் ஊர், கிழக்கே ஓர் ஊர். இரண்டு ஊராரும் ஆடு மேய்ப்பவர்கள்.

மேற்கூரில் கொற்றி என்று ஒரு பெண் இருந்தாள். அவளுக்குக் கூடப்பிறந்தவர் யாரும் இல்லை. அம்மாவும் அப்பாவும் விடிந்தால் ஆட்டின் பின்னால் போய்விடுவார்கள். அவளுக்கு என்று இருந்தது காட்டாறு ஒன்றுதான்.

ஆண்டுக்கு ஒரு முறை, எங்கோ கண்காணாத மலைகளில் மழை பெய்யும்போது, காட்டாறு குன்றின் மேற்கு அடிவாரத்தை ஒட்டி ஓடி வரும். வருவதற்கு வெகு நேரம் முன்பே குரல் கொடுக்கும். "வருகிறேன்! வழி விடுங்கள்! வருகிறேன்!" அதைக் கேட்டதும் ஊரார் ஆடுகளை மேட்டில் ஏற்றிவிடுவார்கள். அதனால் அது ஒரு குட்டியைக்கூட அடித்துக்கொண்டு போனதில்லை.

சிறுமியாக இருந்தபோது கொற்றி கரையில் நின்று அதனிடம் கேட்டாள்.

"நீ எனக்கு அண்ணனா, தம்பியா?"

"எனக்கு என்ன தெரியும்? நான் வருஷா வருஷம் புதிதாகத்தான் பிறக்கிறேன்."

"அப்படியானால் நீதான் தம்பி."

"சரி, அக்கா" என்றது காட்டாறு.

அன்றிலிருந்து தம்பி வெறுங்கையோடு வந்ததில்லை. வாசமுள்ள கட்டை, வழவழப்பான கூழாங்கல், பெயர் தெரியாத பறவையின் இறகு, எந்தக் காட்டிலோ விளைந்த விதை என்று எதையாவது அக்காளுக்குக் கொண்டுவரும். வேகம் தணிந்து குட்டை குட்டையாகத் தேங்கிக் கிடக்கும் நாட்களில் கொற்றி அதில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஓர் ஆண்டின் கதை முழுவதையும் சொல்வாள். எந்த ஆடு இரட்டைக் குட்டி போட்டது, எந்த வீட்டில் சண்டை, யார் யாரோடு பேசுவதில்லை. கடைசிக் குட்டை வற்றும்போது, "போய்விட்டு வருகிறேன், அக்கா" என்று சொல்லிவிட்டு அது மணலுக்குள் இறங்கும். அவள் அந்த ஈர மணலில் கையை வைத்துக்கொண்டு, அது உலரும் மட்டும் இருப்பாள்.

கொற்றிக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை கிழக்கூர்ச் சாத்தன். நெட்டையாக, முன்பக்கம் சற்றே வளைந்து நடப்பவன். யாராவது வேடிக்கை சொன்னால் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு அவன் சிரிப்பான். தானே நெய்த கருப்புக் கம்பளி ஒன்று எப்போதும் அவன் தோளில் கிடக்கும். நல்லவன் என்று ஊரே சொன்னது. உண்மையிலேயே நல்லவன்தான்.

கல்யாணம் நடந்தது கோடையில். தம்பியிடம் சொல்லிக்கொண்டு போக அவளுக்கு வழியில்லை. பாறையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த உடும்பிடம், "அவன் வந்தால் சொல். அக்கா சொல்லாமல் போய்விட்டாள் என்று நினைக்கப் போகிறான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். குன்றைச் சுற்றிக்கொண்டு கிழக்கூர் போய்ச் சேர்வதற்குள் அவள் காலில் போட்டிருந்த செருப்பு தேய்ந்துபோனது.

காட்டாறு வந்தது. கரையில் அக்காளைக் காணோம்.

"அக்கா எங்கே?"

"வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். குன்றுக்கு அந்தப் பக்கம்" என்றது உடும்பு.

"சுற்றிக்கொண்டு போகிறேன்."

"பாதி வழியிலேயே மணல் உன்னைக் குடித்துவிடும்."

காட்டாறு சற்று நேரம் அங்கேயே சுழன்றது. "கல்யாணமான அக்காளுக்குச் சீர் கொண்டுபோய்க் கொடுக்காதவன் என்ன தம்பி?" என்றது. பிறகு திரும்பிக் குன்றின்மேல் நெற்றியை மோதியது.

கிழக்கூரில் அந்தப் பருவத்தில் கொற்றிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் வைத்ததை மறந்தாள். ஆட்டை எண்ணும்போது இரண்டு முறை தப்பாக எண்ணினாள். "உடம்புக்கு என்ன?" என்று சாத்தன் கேட்டான்.

"எங்கள் ஊரில் இப்போது தம்பி வந்திருப்பான்" என்றாள்.

மறுநாள் குன்றின் அடியில் ஆடு மேய்க்கும்போது அவள் சும்மா பாறையில் காதை வைத்தாள். கல்லுக்குக் காது இருந்த காலம் அல்லவா? கேட்டதை அது அவளிடம் சேர்த்தது. வெகு தூரத்திலிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல். "அக்கா!"

கொற்றி பாறையைக் கட்டிக்கொண்டு, "இங்கே இருக்கிறேன், தம்பி!" என்று கத்தினாள்.

அந்தக் குரல் வந்த திசையில் காட்டாறு கல்லை அரித்தது. அவள் இன்று வடக்கே மேய்த்தால் நாளை தெற்கே மேய்ப்பாள். குரல் இடம் மாற, தம்பியும் வளைந்தது. மழைத்தண்ணீர் தீர்ந்ததும் தோண்டிய இடத்திலேயே வற்றிவிடும். அடுத்த ஆண்டு மறுபடி பிறந்து வந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கும். இப்படி எத்தனையோ ஆண்டுகள் போயின. கொற்றியின் தலையில் ஒன்றிரண்டு நரை தெரியத் தொடங்கியது. அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. சாத்தன் அதைப் பற்றி ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. பருவம் வந்தால் மட்டும், "போ, உன் தம்பி கூப்பிடுவான், ஆடுகளை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பான்.

குன்றின் கிழக்குப் பக்கத்தில் ஒரு குடைவு இருந்தது. உச்சி வெயிலில் ஆடுகள் அதற்குள்தான் ஒதுங்கும். ஓர் ஆண்டு, பருவத்துக்குச் சற்று முன்னால், சாத்தன் அங்கிருந்து வேகமாக வந்தான்.

"கொற்றி, குடைவின் சுவர் வியர்க்கிறது. தொட்டுப் பார்த்தேன், ஈரம்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. அவன் முகம் மலரவில்லை.

அன்றே உடும்பும் வந்து சேர்ந்தது. தம்பி தோண்டிய வழியிலேயே நடந்து, கடைசியில் ஒரு குறுகிய வெடிப்பில் உடம்பை நசுக்கிக்கொண்டு வெளியே வந்ததாகச் சொன்னது. முதுகெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"கொற்றி, இன்னும் ஒரு முழக் கல்தான் பாக்கி. அவனை வரவேண்டாம் என்று சொல்லிவிடு."

"இத்தனை வருஷம் கழித்தா?"

"மேற்கே அகலமாக ஓடியபோது அவன் சாது. இந்த இடுக்கில் அவன் எப்படி வருவான் என்று அவனுக்கே தெரியாது. அவனுக்கு வரத் தெரியும், நிற்கத் தெரியாது."

சாத்தன் யோசித்துவிட்டுச் சொன்னான். "வரவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். இந்த வருஷம் மட்டும் பொறுக்கச் சொல். ஆடுகளுக்கு வேறு நிழல் பார்த்துவிட்டு, வாய்க்கால் வெட்டி வைப்போம். அடுத்த வருஷம் ஊரோடு நின்று வரவேற்போம்."

நியாயமான பேச்சு. கொற்றியும் சரி என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

எதிர்பார்த்ததற்கு முன்பே மழை எங்கோ பெய்துவிட்டது. ஒரு நடுப்பகலில் குன்று லேசாக முனகத் தொடங்கியது. சாத்தன் எழுந்தான். "ஆடெல்லாம் உள்ளே கிடக்கிறது. நான் ஓட்டிவிடுகிறேன். நீ அவனிடம் பொறு என்று சொல்" என்று சொல்லிவிட்டுக் குடைவை நோக்கி ஓடினான்.

கொற்றி பாறையில் காதை வைத்தாள். இப்போது குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரவில்லை. காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது.

"அக்கா, இருக்கிறாயா?"

'வழி விடுங்கள்' என்று அது அன்று கத்தவில்லை. அக்காளைத் தவிர வேறொன்றும் அதற்கு நினைவில்லை. கொற்றிக்கும் அந்தக் கணத்தில் வேறொன்றும் நினைவில்லை. ஈர மணலும், காலை நனைத்துக்கொண்டு பேசிய பேச்சும், போய்விட்டு வருகிறேன் என்ற குரலும்தான் நெஞ்சில் நின்றன. ஆடுகள் குடைவிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தன. ஓட்டப் போன அவரும் பின்னால் வந்துவிடுவார் என்று எண்ணினாள்.

"இருக்கிறேன்" என்றாள். "வா!"

குன்று அடிமுதல் உச்சிவரை பிளந்தது.

செந்நிறத் தண்ணீர் குடைவின் வழியே சுவர்போல எழுந்து வந்து வெளியில் விழுந்தது. விழுந்த பிறகு சமவெளியில் பரந்து, வேகம் தணிந்து, மெல்ல நெளிந்து வந்து கொற்றியின் பாதத்தைத் தொட்டது.

"அக்கா! வந்துவிட்டேன், பார். எவ்வளவு இளைத்துப் போயிருக்கிறாய்! அத்தான் எங்கே? முதல் தடவை வருகிறேன், அவரைக் கூப்பிடு." மூச்சு வாங்கப் பேசிக்கொண்டே கொண்டுவந்ததையெல்லாம் அவள் முன்னால் வைத்தது. வாசக் கட்டைகள், கூழாங்கற்கள், இறகுகள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கருப்புக் கம்பளி.

"இது உன் வாசலிலேயே கிடைத்தது. நல்ல கம்பளி, அக்கா. அத்தானுக்கு ஆகும்."

கொற்றி கம்பளியை எடுத்தாள். அதைப் பிழிந்தாள். ஏன் பிழிகிறோம் என்று தெரியாமலே திரும்பத் திரும்பப் பிழிந்தாள். பிறகு அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது.

"இனி உன் குரல் யார் காதிலும் விழக்கூடாது."

அந்தக் காலத்தில் உடன்பிறந்தவள் சொன்ன சொல் அப்படியே பலிக்கும். தம்பி எதையோ சொல்ல வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. அது கம்பளியைப் பார்த்தது, அக்காளைப் பார்த்தது. அதற்குப் புரிந்தது. அப்படியே மணலுக்குள் இறங்கிவிட்டது. போய்விட்டு வருகிறேன் என்றுகூட அதனால் சொல்ல முடியவில்லை.

ஊரே திரண்டு தேடியது. சாத்தன் அகப்படவில்லை. செத்தவரைக் குழியில் இறக்கினால் உறவினர் ஆளுக்கு ஒரு பிடி மண் இடுவது அந்த ஊர் வழக்கம். அதற்குப் பிறகுதான் செத்தவர் நிம்மதியாகப் போவார் என்பார்கள். கம்பளியையாவது புதைத்து மண் போடு என்று சொன்னார்கள். கொற்றியால் அது முடியவில்லை.

வெயில் ஏறிய ஒரு நாளில் அவள் எழுந்து தனியாக அந்தப் பிளவுக்குள் நுழைந்தாள். அவரை அங்கேயாவது பார்க்க மாட்டோமா என்றுதான் போனாள்.

உள்ளே இரண்டு கையை நீட்டினால் இரண்டு சுவரையும் தொடலாம். சில இடங்களில் உடம்பைத் திருப்பித்தான் போக முடிந்தது. மேலே வானம் ஒரு நூல்போலத் தெரிந்தது. கல்லெல்லாம் தண்ணீரின் வளைவில் வழவழவென்று இருந்தது. சிவப்பு, காவி, அதற்குள் ஊதா. சுவர் நெடுக வரி வரியாகக் கோடுகள். அவள் ஒரு கோட்டில் விரலை வைத்துக்கொண்டே நடந்தாள். ஓரிடத்தில் வழி சட்டென்று வடக்கே திரும்பியது. அந்த ஆண்டு அவள் வடக்கே மேய்த்தாள். இன்னோரிடத்தில் கல் பானைபோலக் குடைந்திருந்தது. முன்னே போகாமல் தண்ணீர் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்திருந்தது. அந்த ஆண்டு அவள் காய்ச்சலில் படுத்துக் கிடந்தாள், தம்பியைக் கூப்பிடவில்லை. அது இங்கேயே நின்று காத்திருக்கிறது.

கொற்றியால் அதற்கு மேல் நடக்க முடியவில்லை. அந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். இவனையா சபித்தேன் என்று நினைத்தாள். அவரையா இழந்தேன் என்று நினைத்தாள். இரண்டுக்கும் சேர்த்து அழுதாள்.

பொழுது உச்சிக்கு வந்தது. எங்கோ மேலேயிருந்து வெயில் உள்ளே விழுந்தது. ஆனால் அது விழும் வழி கண்ணுக்குத் தெரியவில்லை. தரையில் ஒரு சிறு வட்டம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. கொற்றி ஒரு பிடி மணலை அள்ளிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"உங்களுக்குக் குழி இல்லையே. இதை நான் எங்கே போடுவேன்?" என்றாள்.

கீழே போட மனம் வராமல் அதை மேலே எறிந்தாள்.

மண் சிதறிய இடத்தில் வெளிச்சம் எழுந்து நின்றது. தரையிலிருந்து வானம்வரை, நெட்டையாக, முன்பக்கம் சற்றே வளைந்து நின்றது. கொற்றி கண்ணை இமைக்காமல், ஒரு வரியும் விடாமல் மனதில் பதித்துக்கொள்கிறவள்போலப் பார்த்தாள். தூசி மெல்ல மெல்ல அடங்கியது. வெளிச்சமும் போய்விட்டது. வெளியே வந்தபோது அவள் தோளில் அந்தக் கம்பளி கிடந்தது. அதன் பிறகு அவள் அதைப் பிழியவில்லை.

அடுத்த ஆண்டு காட்டாறு வந்தது. சத்தமே இல்லாமல், மேலே ஒரு மேகமும் இல்லாத பகலில், பிளவின் வாயிலிருந்து சட்டென்று பாய்ந்து வந்தது. கொற்றி மேட்டில் நின்று, "தம்பி, பேசு! எனக்குக் கோபம் இல்லை!" என்று கூவினாள். சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க வழியில்லை. குன்றின் சுவர்கள்தான் அவள் குரலை அவளுக்கே திருப்பிக் கொடுத்தன. தண்ணீர் மேட்டின் அடியில் ஒரு வாசக் கட்டையை வைத்துவிட்டுப் போனது.

அதற்குப் பின் கொற்றி இருந்த மட்டும், பருவம் வந்தால் பிளவின் வாயிலில் போய் நிற்பாள். தொலைவானத்தில் மேகம் கறுத்தால், உள்ளே போகிறவர்களைத் தடுத்து, "இப்போது வேண்டாம், என் தம்பி வருகிற நேரம். அவனால் குரல் கொடுக்க முடியாது" என்பாள்.

காலம் மாறியது. உடும்பு பேச்சை மறந்தது, கல் காதை மூடிக்கொண்டது. இப்போது எங்கெங்கிருந்தோ ஆட்கள் தோளில் கேமராவை மாட்டிக்கொண்டு அந்தப் பிளவைப் பார்க்க வருகிறார்கள். கூட்டிப்போகிறவர் முதலில் தொலைவானத்தைப் பார்க்கிறார். மேகம் கண்டால் யாரையும் உள்ளே விடுவதில்லை. உள்ளே போனவர்கள் சுவரைத் தடவித் தடவி நடக்கிறார்கள், தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். உச்சிப் பொழுதில் எல்லோரும் கேமராவை உயர்த்திக்கொண்டு காத்திருக்க, ஒருவர் குனிந்து ஒரு பிடி மணலை அள்ளி மேலே வீசுகிறார். வெளிச்சம் எழுந்து நிற்கிறது. அது யாருக்கு இடும் மண் என்று எவருக்கும் தெரியாது. குழியில்லாத கணவனுக்குக் கொற்றி மண் இட்ட அந்த நாளிலிருந்துதான், அங்கே போகிறவர்கள் ஒரு பிடி மண் இடாமல் படம் எடுப்பதில்லை.