மெஷின் கேட்குது

பால் சங்கத்தில் கேன் கழுவும் கன்னியப்பனுக்கு அன்று பொறுமை போயே போய்விட்டது. பால் தொட்டியின் குளிர்ச்சி குறைந்தால் போனுக்குச் சேதி அனுப்பும் புது மெஷினைச் செயலாளர் வீரபத்திரர் அவன் தலையில் கட்டிவிட்டார்.

"வைஃபையில இணைடா. பால் கெட்டுச்சு, உன் வேலை காலி!"

"பாஸ்வேர்டு சொல்லுங்கய்யா."

"அது பரம ரகசியம். நீ கேட்கவே கூடாது!"

காலையிலிருந்து இதே பாட்டு. பாஸ்வேர்டு இல்லாமல் மெஷினும் மசியவில்லை. கன்னியப்பன் ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"நான் கேட்கலைங்கய்யா. மெஷின் கேட்குது."

"அட, அதுக்குக் காது கேட்குதா? அப்ப அதுகிட்டயே சொல்லிக்கிறேன்," என்று செயலாளர் குனிந்து மெஷினிடம் முணுமுணுத்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"சத்தம் பத்தலை போலிருக்குங்கய்யா."

செயலாளர் ஆத்திரத்தில் அடிவயிற்றிலிருந்து கத்தினார்: "தண்ணி ஊத்து! தண்ணி ஊத்து!"

'பாலில் தண்ணி ஊத்துறது யாரு?' என்று தினமும் அவரிடம் வசவு வாங்கும் பால்காரர்களின் வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

கன்னியப்பன் அதையே பாஸ்வேர்டாகத் தட்டினான். மெஷினில் பச்சை விளக்கு எரிந்தது.

"இனிமே அந்தக் கேள்வியை எங்களைக் கேட்காதீங்கய்யா," என்றாள் வரிசையில் முன்னால் நின்ற ராக்கம்மா. "மெஷினே ஒத்துக்கிடுச்சு."