புகையாமல் வந்த மாப்பிள்ளை

தேரிக்காட்டின் வடக்கு ஓரத்தில் சாந்தவிளை என்று ஓர் ஊர். அங்கே புத்திசாலிகளுக்குக் குறைவே கிடையாது. மூன்று பேரைத் தவிர எல்லாரும் விவரமானவர்கள்தான். அந்த மூன்று பேரிடம்தான் ஊரிலேயே ஒரே ஒரு ஏ.டி.வி. வண்டி இருந்தது.

அதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஹேண்டில்பாரும் சீட்டும் பைக்குக்கு இருக்கிற மாதிரிதான். சக்கரம் மட்டும் நாலு, ஒவ்வொன்றும் பூசணிக்காய் கணக்காக. தேரியின் செம்மணலில் கார் புதையும், பைக் சாயும், இது ஏறிப் போய்விடும். வண்டிக்குச் சொந்தக்காரன் திரவியம். பின்னால் உட்காருகிறவன் சுயம்பு. அவனுக்கும் பின்னால் தொங்கிக்கொண்டு வருகிறவன் பட்டுராஜ்.

திரவியத்துக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் பேர் பவளக்கனி, தேரிக்கு அந்தப் பக்கம் குருத்துவிளை. நிச்சயத்துக்கு மூன்று பேரும் வண்டியில் போய் இறங்கினார்கள். அது விட்ட புகையில் பந்தலுக்குள் யார் எவர் என்றே தெரியவில்லை. திரவியம் மோதிரத்தைச் சமையல்காரர் விரலில் மாட்டப் பார்த்தான். பெண்ணின் அப்பா சிவனணைந்தான் இருமி முடித்துவிட்டுக் கறாராகச் சொன்னார்.

“மருமவனே, தாலி கட்ட இந்த வண்டியிலயே வாரும், வேண்டாங்கல. ஆனா ஒரு பொட்டுப் புகை தெரிஞ்சுதோ, அப்படியே திரும்பிப் போயிர வேண்டியதுதான். பொண்ணு கிடையாது.”

திரவியத்துக்குச் சோறு இறங்கவில்லை. புகைக்குள் இருமிக்கொண்டே பவளக்கனி சிரித்த சிரிப்பு அவன் கண்ணிலேயே நின்றது. வேறு வண்டியில் போனால் என்ன என்று ஊரார் கேட்காமல் இல்லை. “மாமா இந்த வண்டியிலயே வாரும்னு சொல்லிட்டாரே” என்று அவர்கள் வாயை அடைத்துவிட்டான்.

வண்டிக்கு வைத்தியம் பார்க்கிற மெக்கானிக் ஞானதுரை அப்போது ஊரில் இல்லை. வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை போயிருந்தார். நடந்துகொண்டே போனில் பேசினார்.

“புகை என்ன கலர்னு பாத்துச் சொல்லுங்கல. கறுப்புன்னா பெட்ரோல் சாஸ்தி. நீலம்னா ஆயில் எரியுது.”

வண்டியைக் கிளப்பினார்கள். “பச்சை” என்றான் பட்டுராஜ். அவன் பச்சைக் கூலிங்கிளாஸ் போட்டிருந்தான். அதைக் கழற்றச் சொன்னதற்கு, “கண்ணு எரியுதுல்லா” என்றான். சுயம்பு நீலம் என்றான். திரவியம் கறுப்பு என்றான். சொல்லி முடிப்பதற்குள் புகை கலைந்து போனதால் சண்டை தீரவில்லை.

“புகையைப் புடிச்சு வச்சாத்தான் நிதானமாப் பாக்க முடியும்” என்றான் சுயம்பு. பிடித்து வைக்க நல்ல வெள்ளைத் துணி வேண்டும். வீட்டில் இருந்ததிலேயே வெள்ளையானது முகூர்த்த வேட்டி. அதைச் சைலன்சர் வாயில் கட்டி எடுத்தபோது நடுவில் வட்டமாக ஒரு கறை விழுந்திருந்தது. வெயிலில் பார்த்தால் நீலம், நிழலில் பார்த்தால் கறுப்பு. அப்படியே போனில் சொன்னார்கள்.

ஞானதுரை பெருமூச்சு விட்டார். “சரி. பிளக்கைக் கழட்டுங்க. அந்த ஓட்டையைப் பெருவிரலால அடைச்சுக்கிட்டு ஸ்டார்ட்டர் கயித்த இழுங்க. உள்ள இருக்க காத்து விரலத் தள்ளிச்சுன்னா எஞ்சின் நல்லாருக்கு. தள்ளலைன்னா ரிங் தேஞ்சிட்டுன்னு அர்த்தம்.”

சுயம்பு விரல் வைத்தான். அவன் தேங்காய் உரிக்கிறவன். “என் விரல ஒருத்தன் தள்ள முடியுமால?” என்று பல்லைக் கடித்து அமுக்கினான். காற்று தள்ளவில்லை. பிறகு பட்டுராஜ் வைத்தான். கயிற்றை இழுத்ததும் பயத்தில் அவனே கையை எடுத்துவிட்டான்.

“சுயம்புக்கு எஞ்சின் கெட்டுப் போயிருக்கு, பட்டுராஜுக்கு நல்லாருக்கு” என்று திரவியம் கவலையோடு கணக்குப் போட்டான்.

“வண்டி யாரோடது? உன்னோடது. உன் விரல்தான் செல்லும்” என்றான் சுயம்பு.

திரவியத்தின் விரலைக் காற்று லேசாகத் தொட்டுவிட்டு அடங்கியது. ரிங் தேய்ந்துதான் போயிருந்தது. மூன்று பேரும் சேர்ந்து யோசித்து ஓர் உண்மையைத் தாங்களே கண்டுபிடித்தது அன்றைக்கு மட்டும்தான்.

“அப்ப பிரிச்சிர வேண்டியதுதான்” என்றார் ஞானதுரை. “கழட்டுத ஒவ்வொண்ணையும் தனித்தனித் தட்டுல வைங்க. கழட்டுன வரிசை மட்டும் மாறவே கூடாது. மாறிச்சு, ஆயுசுக்கும் சேராது. மாட்டும்போது கடைசித் தட்டுல இருந்து தொடங்குங்க. புது ரிங்கு என் கடையில இருக்கு, நான் வந்து தாரேன்.”

தட்டுக்கு எங்கே போவது? கல்யாண வீடாயிற்றே, கூடம் முழுக்கச் சீர்த் தாம்பாளங்கள். பழத்தையும் பட்டையும் பாயில் கொட்டிவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டார்கள். முதல் தட்டில் பிளக். அடுத்ததில் சிலிண்டருக்கு மூடியான ஹெட். அதற்கடுத்து மூடிக்கு அடியில் இருந்த மெல்லிய கேஸ்கட் தகடு, பிறகு பிஸ்டன், கடைசியில் அதன்மேல் மாட்டியிருந்த, வாய் பிளந்த வளையங்களான ரிங்குகள். சிலிண்டரை உருவிப் பிஸ்டனை எடுத்ததும் சிலிண்டரை மட்டும் திரும்ப வண்டியிலேயே உட்கார வைத்தார்கள். அது தாம்பாளத்துக்கு அடங்கவில்லை. தட்டுகளில் மணல் விழாமல் இருக்கச் சீர்த் துணிகளை எடுத்து மூடி வைத்தார்கள்.

ஞானதுரை வருவதற்கு முன் முகூர்த்தம் வந்துவிட்டது. வீட்டுப் பெண்கள் வந்தார்கள், தட்டுகளின் மேல் பளபளவென்று துணி மூடியிருந்ததைப் பார்த்தார்கள், ஆளுக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். பட்டுராஜ் பதறி ஓடினான்.

“அத்தை, எடுத்துட்டுப் போங்க, ஆனா வரிசை மாறாம நடங்க!”

திரவியம் கறை வேட்டியோடு வண்டி மேல் ஏறி உட்கார்ந்தான். சுயம்புவும் பட்டுராஜும் பின்னாலிருந்து தள்ளினார்கள். மணலில் தள்ளித் தள்ளி இருவருக்கும் நாக்குத் தள்ளிவிட்டது.

குருத்துவிளை வாசலில் சிவனணைந்தான் மூக்கில் துண்டைப் பொத்திக்கொண்டு நின்றார். வண்டி வந்தது. புகை இல்லை. அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சத்தம்கூட இல்லை. துண்டை எடுத்தார்.

“நல்லாத்தான் சரி பண்ணிருக்கீரு! ஆமா, இவனுவ எதுக்குப் பின்னால தள்ளுதானுவ?”

“தள்ளல மாமா, புடிச்சுக்கிட்டு வாரோம்” என்றான் சுயம்பு. “விட்டா பறந்துரும்.”

மாமனாருக்கு உச்சி குளிர்ந்தது. பவளக்கனியின் அம்மா மாப்பிள்ளையின் வேட்டியைப் பார்த்து, “திருஷ்டிப் பொட்டுகூட மறக்காம வச்சிருக்காவ” என்று பூரித்தாள். திரவியம் தாலி கட்டினான். இந்தத் தடவை சரியான கழுத்தில்.

தட்டுகளை உள்ளே கொண்டுபோய்த் துணியை விலக்கிய அம்மா, பிஸ்டனைக் கவிழ்த்துப் பார்த்தாள். “டம்ளர் நல்ல கனம். வளையல்தான் எல்லாம் ஒரு பக்கம் ஒடிஞ்சு கெடக்கு. பரவால்ல, ஆசையாக் கொண்டாந்திருக்காவ” என்று எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டினாள். சீர்த் தட்டை வெறுமனே திருப்பக்கூடாது அல்லவா? பிளக் இருந்த தட்டில் பாக்கு வைத்தாள். ஹெட் தட்டில் தேங்காய், கேஸ்கட் தட்டில் வெற்றிலை, பிஸ்டன் தட்டில் வாழைப்பழம், ரிங் தட்டில் முறுக்கு.

மறுவீட்டுக்குக் கிளம்புகிற நேரம் தட்டுகளைத் திறந்து மூன்று பேரும் திகைத்து நின்றார்கள்.

“பிஸ்டன் இருந்த இடத்துல பழம் இருக்குல” என்றான் திரவியம்.

“தட்டு வரிசை மாறிருக்கா?” என்று கேட்டான் சுயம்பு.

“மாறல.”

“அப்ப மாட்டு.”

கடைசித் தட்டிலிருந்து தொடங்கினார்கள். பழத்தில் முறுக்கைக் கோத்துச் சிலிண்டருக்குள் இறக்கினார்கள். அதன்மேல் வெற்றிலையை விரித்து, தேங்காயை வைத்து இறுக்கிக் கட்டி, தேங்காயின் கண்ணில் பாக்கைச் செருகினார்கள். திரவியம் கயிற்றை இழுத்தான். பிறகு போன் போட்டான்.

“மாட்டியாச்சு அண்ணாச்சி. ஒரு பொட்டுப் புகை இல்ல!”

அங்கே ஒரே கொட்டுச் சத்தம். “என் கடையில ரிங்க எடுத்துட்டியளாக்கும்! ஆயில் வாடை?” என்று கத்தினார் ஞானதுரை.

“இல்ல. பழ வாடை அடிக்கி.”

“கோயில் பக்கம் வந்துட்டேன், எனக்கும் அடிக்கி. எஞ்சின் பழகுத வரைக்கும் மெதுவாப் போங்கல.”

பவளக்கனி பின்னால் ஏறிக்கொண்டாள். சுயம்புவும் பட்டுராஜும் தள்ளினார்கள். “மெதுவால, மெதுவா” என்று திரவியம் அதட்டிக்கொண்டே வந்தான். பாதித் தேரி ஏறுவதற்குள் பவளக்கனிக்குப் பசி தாங்கவில்லை. காலையிலிருந்து அவள் சாப்பிடவே இல்லை.

“அந்த முறுக்குல ஒண்ணு எடுத்துத் தாங்க.”

திரவியம் அவளை அன்போடு பார்த்தான். “தாரேன் கனி. ஆனா முதல்ல பாக்கு, அப்புறம் தேங்காய், வெத்தல, பழம். முறுக்கு கடைசியாத்தான் வரும். வரிசை மாறக்கூடாது.”

“வரிசையாவே குடுங்க” என்றாள் அவள்.

வண்டியை நிறுத்தி, நாலு பேரும் மணலில் உட்கார்ந்து, வரிசை மாறாமல் சாப்பிட்டு முடித்தார்கள். அப்போது போன் அடித்தது. ஞானதுரைதான்.

“எஞ்சின் எப்படி இருக்குல?”

“தின்னுட்டோம் அண்ணாச்சி” என்றான் திரவியம், வாயில் கடைசி முறுக்கோடு. “இப்பவும் ஒரு பொட்டுப் புகை இல்ல.”