செங்கோடு போட்ட மூன்று வார்த்தைகள்

வெகுகாலத்துக்கு முன்னால் செவ்வந்திபுரம் என்ற சின்னச் சீமையை மலைக்கொழுந்து ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் அபின் உள்ளே போய்விட்டால் கேட்டதெல்லாம் வேதவாக்கு. அபின் கொண்டுவந்து கொடுப்பவன், வெள்ளைக்காரர் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி முத்துவீரன். அவனையும் ராஜாவின் தம்பி வடமலையையும் தவிர அங்கே யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது.

வடமலை ஒரு வெள்ளைக்கார வைத்தியருக்கு எழுதிய கடிதம் துபாஷி கையில் சிக்கியது. மூன்று இடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டு ராஜாவிடம் நீட்டினான்.

"மகாராஜா, தங்களை வெறுப்பதாக மூன்று தரம் எழுதியிருக்கிறார்."

தம்பி சொல்ல வந்ததை ராஜா கேட்கவே இல்லை. அன்றே நாடு கடத்திவிட்டார். மந்திரி பூவநாதர் பக்கத்தில்தான் நின்றார். ராஜாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

ஒரு வருஷம் கழித்து அந்தக் கடிதம் பூவநாதர் கண்ணில் பட்டது. கோடு போட்ட மூன்று வார்த்தைகளும் மூன்று விதமாக இருந்தன. ஒரே வெறுப்புக்கு எதற்கு மூன்று வார்த்தை என்று அன்றே கேட்கத் தோன்றவில்லையே என்று தம்மையே நொந்துகொண்டார்.

மறுநாள் சபையில் கேட்டார்: "துபாஷியாரே, சோற்றில் புழு நெளிந்தால் வெள்ளைக்காரன் என்ன சொல்வான்?"

"லோத் என்பான்."

"காலைப் பிடித்துப் பிழைப்பவனை?"

"டெஸ்பைஸ்."

"பெரிய அநியாயத்தை?"

"அப்ஹார்."

"கொல்லத் தோன்றும் பகைவனை?"

"ஹேட். இதெல்லாம் படித்தவனுக்குத்தான் புரியும் மந்திரியாரே."

"எங்களுக்கும் கொஞ்சம் எழுதிக் காட்டுங்களேன்."

துபாஷி பெருமையோடு நான்கையும் எழுதினான். பூவநாதர் கடிதத்தை அருகில் விரித்தார். "எழுத்தை மட்டும் ஒத்துப்பாருங்கள் மகாராஜா. முதல் மூன்றும் இதில் இருக்கின்றன. பகைவனுக்குச் சொல்வது இல்லவே இல்லை."

ராஜாவின் கை வாளுக்குப் போனதும் துபாஷி உள்ளதை உள்ளபடி படித்தான்: "அபினைக் கண்டாலே எனக்குக் குமட்டுகிறது. அதை ஊட்டுகிற துபாஷி என் கண்ணுக்கு மனிதனாகவே தெரியவில்லை. அண்ணனுக்கு நடக்கும் இந்த அநியாயம் பொறுக்கவில்லை. மருந்து அனுப்புங்கள்."

துபாஷியைச் சீமையை விட்டே துரத்தினார்கள். ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி மந்திரியிடம் நீட்டினார்.

"வேண்டாம் மகாராஜா. அன்றைக்குப் பேசியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்."

வடமலையை அழைத்துவரப் பல்லக்கு போனது. ஓர் ஓலையோடு காலியாகத் திரும்பியது. "அண்ணா, உங்கள்மேல் எனக்கு வெறுப்பில்லை. மனசு விட்டுப்போயிற்று. அபினை விட்டுவிடுங்கள்."

ராஜா அதை இரண்டு தரம் படித்தார். "இதற்கு என்ன அர்த்தம், பூவநாதரே?"

"இதற்குத் துபாஷி வேண்டாம், மகாராஜா."

அதற்குப் பிறகு ராஜா அபினைத் தொடவில்லை. வருஷா வருஷம் பல்லக்கை அனுப்பினார். அது காலியாகவே திரும்பி வந்தது.