கரடி போட்ட கோடுகள்

படிப்புக்குப் பேர்போன ஒரு காட்டில், குழந்தைகளே, செங்கொண்டை என்றொரு மரங்கொத்தி இருந்தது. மண்டைக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் அதன் ஆராய்ச்சி. பயம் எங்கே தங்குகிறது, ஞாபகம் எப்படி ஒட்டுகிறது, கொட்டாவி ஏன் பரவுகிறது என்று எந்நேரமும் யோசித்துக்கொண்டிருக்கும். கண்டுபிடித்ததை அலகால் மரப்பட்டையில் கொத்தி வைக்கும்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கண்டுபிடிப்பு யாருக்காவது உதவினால், அவர் அதன் கீழே நகத்தாலோ குளம்பாலோ ஒரு கோடு கிழிக்க வேண்டும். மழைக்காலம் தொடங்குமுன் யானையார் வந்து கோடுகளைப் பார்ப்பார். யாருடைய மரத்தில் கோடு அதிகமோ, அவருக்கு ஆற்றங்கரை மருதமரத்தின் பெரிய பொந்து.

செங்கொண்டைக்கு அந்தப் பொந்து கட்டாயம் வேண்டியிருந்தது. அதன் பேடை முட்டையிடும் நேரம். குடியிருந்த கிளையோ காற்றில் முறிந்து விழுந்துவிட்டது.

"ஏங்க, நீங்க மரங்கொத்திதானே? நாமே ஒரு பொந்து கொத்திக்கக் கூடாதா?" என்று கேட்டது பேடை.

"ஆராய்ச்சியைக் கொத்தவே நேரம் போதலை. வீடு கொத்த நேரம் ஏது? கொஞ்சம் பொறு, மருதமரம் நமக்குத்தான்," என்று கொண்டையைச் சிலுப்பிக்கொண்டது செங்கொண்டை.

அந்தத் தெம்புக்குக் காரணம் இருந்தது. இரண்டு கோடை அலைந்து திரிந்து செய்த பயம் பற்றிய ஆராய்ச்சி இலுப்பை மரத்தில் இருந்தது. அதில் ஒரே ஒரு கோடு. அதை வெளியே சொல்லவே செங்கொண்டைக்கு வெட்கம். ஆனால் ஒரு காலைப்பொழுதில் அவசரமாகக் கொத்திய கொட்டாவி ஆராய்ச்சி வேங்கை மரத்தில் இருந்தது. அதிலோ கோட்டுக்கு மேல் கோடு! விடிந்தால் புதிதாகச் சில முளைத்திருக்கும்.

யானையார் வந்தார். வேங்கை மரத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார். பொந்துக்குப் போட்டியிட்ட ஆந்தையிடம் திரும்பினார்.

"அடேயப்பா! ஆந்தையாரே, உங்க மரத்துல இதுல பாதிகூட இல்லையே. பொந்து மரங்கொத்திக்குத்தான்."

அத்தோடு வாயை மூடிக்கொண்டு பறந்திருக்கலாம். பெருமை விட்டால்தானே?

"யானையாரே, இத்தனை கோடு போட்ட வாசகர்களைக் கூப்பிடுங்க. என் ஆராய்ச்சி அவங்க வாழ்க்கையை எப்படி மாத்திச்சுன்னு எல்லாரும் கேக்கட்டும்!"

கூப்பிட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. புதரை விலக்கிக்கொண்டு ஒரு கரடி வந்தது. யாரையும் பார்க்கவில்லை. வேங்கை மரத்தில் முதுகைச் சாய்த்து, கைகளைப் பின்னால் நீட்டிப் பட்டையை இறுகப் பற்றிக்கொண்டு, சரக் சரக்கென்று தேய்க்கத் தொடங்கியது. ஒவ்வொரு தேய்ப்புக்கும் அதன் நகங்கள் புதுக் கோடுகளைக் கிழித்தன.

"கரடியாரே, கொட்டாவி ஆராய்ச்சி எப்படி?" என்றார் யானையார்.

"எந்த ஆராய்ச்சி?" என்றது கரடி, கண்ணைத் திறக்காமலே. "யாரோ புண்ணியவான் இந்த மரத்தை மேடும் பள்ளமுமாக் கொத்தி வெச்சிருக்கான். முதுகு அரிப்புக்கு இதை அடிச்சுக்க வேற மரம் கிடையாது. ஆஹா!"

காடே விழுந்து விழுந்து சிரித்தது. பொந்து ஆந்தைக்குப் போனது.

செங்கொண்டைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பேடையின் முகத்தில் எப்படி விழிப்பது? தயங்கித் தயங்கிப் பறந்து போகையில், இலுப்பை மரத்தடியில் ஒரு பெண்மான் நின்றிருந்தது.

"இந்த ஒத்தைக் கோடு நான் போட்டதுதாங்க," என்றது மான். "என் குட்டி ஓடையில வழுக்கி விழுந்ததிலிருந்து தண்ணிப் பக்கமே போகலை. வாடிப்போயிடுச்சு. 'விரட்டாதே. பயந்த இடத்துக்குத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக் கிட்டே கூட்டிட்டுப் போ, நீயும் பக்கத்துல நில்லு'ன்னு எழுதியிருந்தீங்க. அப்படியே செஞ்சேன். அதோ பாருங்க."

ஓடையில் முழங்காலளவு நீரில் நின்று, மான்குட்டி தானாகவே குடித்துக்கொண்டிருந்தது. செங்கொண்டை வைத்த கண் வாங்காமல் பார்த்தது.

"வேணும்னா இன்னும் ரெண்டு கோடு போடட்டுமா?" என்றது மான்.

"வேண்டாம்மா. ஒண்ணு போதும்."

சொல்லிவிட்டு, அதே இலுப்பையின் உச்சிக்குப் பறந்து போய் டொக் டொக்கென்று கொத்த ஆரம்பித்தது. சத்தம் கேட்டுப் பேடை ஓடோடி வந்தது.

"மறுபடியும் ஆராய்ச்சியா?"

"இல்லை," என்றது செங்கொண்டை. "வீடு."

நீதி: கோடுகளின் எண்ணிக்கையில் இல்லை, உதவி பெற்ற உயிரில்தான் இருக்கிறது ஆராய்ச்சியின் மதிப்பு.