பதினோரு வேட்டி

குன்றநாட்டுக் கோட்டைத் தலைவன் வேங்கையன் கணவாய்க் குடிலுக்கு வந்து சேர்ந்தபோது, அவனுடைய குரு துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

சேந்தியம்மை அவனைவிடப் பத்து வயது சிறியவள். நரைத்த மீசையோடு அவன் போய் அவள் காலில் விழுவதைப் பார்த்து அவனுடைய வீரர்கள் ஆரம்பத்தில் சிரித்தார்கள். மூன்று வருஷமாகியும் அவன் போவதை நிறுத்தவில்லை. அவர்கள்தான் சிரிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். அவள் எந்த ஊர்க்காரி என்று அவன் கேட்டதில்லை. குருவிடம் ஊர் விசாரிப்பது மரியாதை இல்லை என்று வைத்துக்கொண்டான்.

அன்றைக்கு அவன் காலில் விழவில்லை. எட்டவே நின்றான்.

"என்ன வேங்கையா, பக்கத்தில் வர ஓலை அனுப்பணுமா?"

"இங்கேயே நிற்கிறேன் தாயே."

"நில்லு. சும்மா நிற்காமல் இதைப் பிடி."

ஈரப் புடவையின் ஒரு முனையை நீட்டினாள். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து முறுக்கினார்கள்.

"இறுக்கு. கொள்ளைக்காரன் கழுத்து என்று நினைத்துக்கொள்."

அவன் சிரிக்கவில்லை.

"நாளை மறுநாள் கரைநாட்டோடு உடன்படிக்கை," என்றான்.

"பதினைந்து வருஷமாகத்தான் இருக்கிறதே. இப்போது புதிதாக என்ன?"

"அது காவலுக்குப் போட்டது. கொள்ளையர் வந்தால் பச்சை இலையைப் போட்டுப் புகை எழுப்பணும். புகையைக் கண்ட பக்கத்துக்காரர்கள் படையோடு ஓடணும். அவ்வளவுதான் அதில் உண்டு. இப்போது அவர்கள் வியாபாரம் பேசுகிறார்கள். அவர்களுடைய உப்பு முழுவதும் மேலே எங்கள் கோட்டைக் கிடங்கில் இருக்கும். எங்கள் இஞ்சியும் மிளகும் கீழே அவர்கள் கிடங்கில் இருக்கும். இரண்டு நாட்டு வியாபாரிகளும் இரண்டு இடத்திலும் வாங்கலாம், விற்கலாம்."

"உப்புக்குக் காவல்?"

"அவர்கள் ஆள் ஒருத்தர்கூட வேண்டாமாம். திரையன், அந்தக் கரைநாட்டுத் தலைவன், என் தோளில் கை போட்டு, 'நீங்க இருக்கும்போது காவல் எதுக்கு அண்ணே' என்றான்."

"நல்ல சேதிதானே? உன் முகம் மட்டும் ஏன் இந்தப் பிழிந்த துணி மாதிரி இருக்கிறது?"

வேங்கையன் இடுப்பிலிருந்து ஓலையை எடுத்தான். எடுத்தானே தவிர, பிரிக்கவில்லை.

"இரண்டு படைக்கும் ஊர் சனத்துக்கும் முன்னால் நான்தான் இதை வாசிக்கணும். கரைநாட்டார் எழுதியது. முதல் வரியே, 'புகை கண்ட அன்றே பொழுது பாராமல் ஓடி வந்த குன்றநாட்டாருக்கு' என்று ஆரம்பிக்கிறது."

"ஓடினீர்கள்தானே?"

அவன் ஓலையைக் கை மாற்றிப் பிடித்தான்.

"இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் கீழே புகை எழுந்தது. எட்டு வருஷம் ஆகிறது. விடிந்ததும் எழுந்த புகை. நாங்கள் உச்சிப்பொழுதுக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். அதற்குள் ஒன்பது பேர் செத்துப்போனார்கள். அன்று மலையை மஞ்சு மூடிக்கிடந்தது தாயே. புகை தெரியவில்லை. அப்போதும் அவர்களிடம் அப்படித்தான் சொன்னேன்."

"மஞ்சா?"

"ஆமாம்."

"கனத்த மஞ்சோ?"

"நீட்டின கை தெரியாது."

"ம்," என்றாள் சேந்தியம்மை. புடவையைக் கொடியில் விரித்தாள். பிறகு அவன் தோளில் கிடந்த துண்டைக் கேட்காமலே உருவி, வாளித் தண்ணீரில் அலசிப் பிழிந்து, அதையும் கொடியில் போட்டாள்.

"நல்ல வெயில். நீ கிளம்புவதற்குள் காய்ந்துவிடும். மஞ்சாக இருந்தால் போட்டிருக்க மாட்டேன்."

"மஞ்சில் யார் துணி உலர்த்துவார்கள்? முடைநாற்றம் அடிக்குமே."

"அதைத்தான் நாங்களும் சொன்னோம். அன்றைக்கு உங்கள் கோட்டை மதிலில் பதினோரு வேட்டி காய்ந்தது."

அவள் ஒரு துணியை உதறினாள். வேங்கையன் ஓர் அடி முன்னால் வந்தான்.

"நாங்கள் என்றால்?"

"நாற்பது பெண்கள். கரைநாட்டுக் கோவில் மண்டபத்துக் கூரைமேல் படுத்துக்கிடந்தோம். எனக்குப் பிள்ளை பிறந்து இருபது நாள். தெரு முழுக்கக் கொள்ளையர் குதிரை. குழந்தை அழுதால் ஏறி வந்துவிடுவார்கள் என்று அதன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். பொத்தினால் மூச்சு முட்டும், எடுத்தால் அழும். கீழே பார்க்கத் தைரியம் இல்லை. அதனால் மேலே உங்கள் மதிலைப் பார்த்தோம். சின்னச் சின்னதாக வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. எண்ணிக்கொண்டே இருந்தோம். ஒன்று குறைந்தாலும், இதோ கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லையா?"

"தாயே..."

"குறையவே இல்லை."

அவன் இருந்த இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்தான். மூன்று வருஷமாக எதிரில் உட்கார்ந்து அவன் ஞானம் கேட்ட முகம் அது. அதை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வாளியைப் பார்த்தே பேசினான்.

"விடிந்ததுமே பார்த்துவிட்டேன். வீரர்கள் வேல்களைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். நான்தான் பொறுங்கள் என்றேன். கொள்ளையர் எத்தனை பேர் என்று தெரியவில்லை. எல்லாரும் இறங்கிவிட்டால் என் கோட்டைக்கு யார் காவல்? முதலில் கரைக்காரர்களோடு மோதிக் களைக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று நினைத்தேன். உலையில் அரிசி போட்டிருந்தது. சாப்பிட்டுவிட்டே கிளம்பலாம் என்றும் சொன்னேன்."

"சாப்பிட்டீர்களா?"

"சாப்பிட்டோம்."

பிறகு, கேட்கப் பயந்து பயந்து கேட்டான்.

"அந்தக் குழந்தை?"

அவள் வாளியிலிருந்து கடைசித் துணியை எடுத்தாள். ஒரு சின்னப் பாவாடை. கொடியில் போட்டு ஓரத்தை இழுத்துவிட்டாள். கணவாய்ச் சரிவில் ஆடு மேய்க்கும் சிறுமி ஒருத்தியை அவன் பல தடவை பார்த்திருக்கிறான். ஒரு தடவை குதிரைக்கு வழி விடச் சொல்லி அதட்டியும் இருக்கிறான். யார் பெற்ற பிள்ளை என்று கேட்டதில்லை.

"அந்த வரியை அடித்துவிடச் சொல்கிறேன்," என்றான்.

"அடி. உனக்கு மனசு லேசாகும். கரைக்காரர்களுக்கு என்ன கிடைக்கும்?"

"பொய்யை எப்படித் தாயே வாசிப்பது? பாவம், அவர்கள் நம்பி எழுதியிருக்கிறார்கள்."

"யார் சொன்னது? அந்தக் கூரையில் வேட்டியை எண்ணிச் சொன்னது திரையனின் அம்மா. அவனுக்கு அப்போதே தெரியும்."

வேங்கையன் நிமிர்ந்தான். தோளில் விழுந்த அந்தக் கை, அண்ணே என்று கூப்பிட்ட அந்தக் குரல் எல்லாம் ஞாபகத்துக்கு வந்து முகம் காந்தியது.

"தெரிந்துமா என்னிடம் உப்பை வைக்கிறான்?"

"உங்கள் இஞ்சி எங்கே இருக்கும் என்றாய்?"

"கீழே. அவர்கள் கிடங்கில்."

"மிளகு?"

"அதுவும் அங்கேதான்."

"கிடங்கை எந்த இடத்தில் கட்டியிருக்கிறார்கள்?"

"கோவில் மதிலை ஒட்டி..."

அந்தப் பெண்கள் படுத்துக்கிடந்த அதே கோவில் என்று அப்போதுதான் உறைத்தது.

"இனி அங்கே புகை எழுந்தால், மஞ்சு இருந்தாலும் உனக்குத் தெரியும்," என்றாள் சேந்தியம்மை.

துண்டு காய்ந்துவிட்டது. அவள் எடுத்து மடித்து நீட்டினாள். அவன் இரண்டு கையாலும் வாங்கினான். தோளில் போடத் தோன்றவில்லை. ஓலையையும் துண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பாதை வரைக்கும் போனவன், திரும்பி வந்தான்.

"முதல் வரியை எப்படி வாசிப்பேன் தாயே?"

"இனிமேல் செய்யப்போவதைச் சொல்வதுபோல் சத்தமாக வாசி. என் மகள் ஆட்டை விட்டு முன்னால் வரமாட்டாள். கடைசி வரிசையில்தான் நிற்பாள்."