கூடத்தில் யாரும் எழுந்திருக்கவில்லை

பிசிஆர் மெஷின் தேங்காய்த் துருவி மாதிரி முனகிய காலம் அது. ரத்தத்திலிருந்து எடுத்த மரபணுத் துண்டை லட்சம் லட்சமாகப் பெருக்கித் தரும். எங்கள் ஆய்வகத்தில் அதற்கு மாமியார் என்று பெயர். முனகாமல் எந்த வேலையும் செய்யாது. பிறகு காயலான் கடைக்குப் போய்விட்டது. இப்போது வந்திருக்கிற மெஷின்கள் மூச்சே விடுவதில்லை. பட்டப்பெயர் வைக்கக்கூடத் தோன்றவில்லை.

அந்த நாட்களில் பேராசிரியர் தங்கபாயிடம் பரிதி ஆராய்ச்சி மாணவன். ஒரு மதியம், பரிசோதனை முடிவு பதிந்த ஃபிலிமை ஆட்டிக்கொண்டே ஓடி வந்தான்.

"மேடம், சகாயராணிக்கு ஒண்ணுமில்லை! புருஷனுக்கு மட்டும்தான் பிழை. வயித்துப் பிள்ளை தப்பிச்சுது. எழுதிக் குடுத்துடவா?"

தாய், தகப்பன் இருவரிடமும் அந்த மரபணுப் பிழை இருந்தால், பிள்ளைக்கு ஆயுள் முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டி வரலாம். சகாயராணியின் நாத்தனார் பிள்ளை அப்படித்தான் இறந்துபோனது. அந்தப் பயத்தில் வந்திருந்தாள்.

"எப்படிப் பார்த்தே?"

"நம்ம பக்கம் வழக்கமா வர்ற அஞ்சு பிழைக்கும் தனித்தனியா பிசிஆர் போட்டேன். பிழையைக் காட்டுற கோடு ஒண்ணும் விழலை."

"அப்போ அவ ரத்த அணு ஏன் பிழை இருக்கிறவங்களுக்கு மாதிரி சிறுத்திருக்கு?"

"இரும்புச்சத்து கம்மியா இருக்கும், மேடம்."

"பார்த்தாச்சு. சரியாத்தான் இருக்கு."

பரிதி தலையைச் சொறிந்தான்.

"வெளிக்கூடத்துக்குப் போ. மரியதாஸ், செண்பகம், காதர், பூங்கோதை, ராசு. அஞ்சு பேரையும் கூப்பிட்டுட்டு வா."

நோயாளிகள் நிரம்பியிருந்த கூடத்துக்குப் போனான். "மரியதாஸ்! மரியதாஸ் யாருங்க?"

"காபி வாங்கித் தர்றதா இருந்தா நான்தான் தம்பி மரியதாஸ்!" என்றது ஒரு குரல். கூடமே சிரித்தது.

மற்ற நாலு பேரையும் கூப்பிட்டுப் பார்த்துத் திரும்பி வந்தான். "யாரும் எழுந்திரிக்கலை, மேடம்."

"அப்போ கூடத்தைப் பூட்டிடலாமா?"

"ஐயோ, உட்கார இடமில்லாம நிக்கிறாங்க!"

தங்கபாய் அவன் கையிலிருந்த ஃபிலிமைக் காட்டினார். பரிதி ஃபிலிமை மறுபடியும் வெளிச்சத்தில் பிடித்தான்.

"அஞ்சு பேரை மட்டும்தான் கூப்பிட்டிருக்கேன். முழு மரபணுவையும் எழுத்தெழுத்தாப் படிக்கணும்," என்றான் மெதுவாக. "வெளியூருக்கு அனுப்பணும். நாளாகும்."

"அனுப்பு."

"சகாயராணி வாசல்லயே உட்கார்ந்திருக்காங்க. இப்போ என்ன சொல்ல?"

"இன்னும் பார்த்து முடிக்கலைன்னு சொல்லு."

"பார்க்கத் தெரியாதவன்னு நினைச்சுக்குவாங்களே, மேடம்."

தங்கபாய் கையுறையைக் கழற்றினார்.

"நினைச்சுக்கட்டும். பிள்ளை அவளோடது."